மூடிய வீட்டில் தங்கும் அம்பு

ஜன்னலின் கீழ் ஓரத்தில் டேப்பு லேசாகப் பெயர்ந்திருந்தது. சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளி. சுடலைமுத்து அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டினான்.

"இந்தா பாருங்கம்மா, இது வழியாத்தான் வந்திருக்கு. நான்தான் சரியா ஒட்டாம விட்டுட்டேன்."

வடிவாம்பிகை குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். திருநெல்வேலி பேட்டையில் ஒரு சின்ன ஓட்டு வீடு அது. உள்ளறையின் ஜன்னல், கதவிடுக்கு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து என்று ஒன்று விடாமல் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்திருந்தார்கள். மூலையில் சாம்பிராணிச் சட்டி இருந்தது. அதிலிருந்த கரி முழுக்க எரிந்து வெள்ளைச் சாம்பலாகக் கிடந்தது. உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் காலியாகத் தொங்கியது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சுடலைமுத்துவின் ஆண்குழந்தை, முந்தின நாள் விடியலில் அந்தத் தொட்டிலிலேயே அடங்கிப்போயிருந்தது. தாய் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதும்மா," என்று சுடலைமுத்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க சொன்னபடி செஞ்சவங்க பிள்ளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க நேரம், ஒரு ஓட்டை விட்டுட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அந்தக் கும்பிடைத்தான் தாங்க முடியவில்லை.

கூட வந்திருந்த டாக்டர் ரஹ்மத்துன்னிசா அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள். இருவரும் பள்ளியிலிருந்தே சிநேகிதிகள்.

"நீ கண்ணால பாக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன் வடிவு. அம்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காத்துப் போகாத ரூம்ல கரி எரிஞ்சா விஷப்புகை வரும். அதுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கத்துலேயே ஆளைக் கொண்டுபோயிரும். இந்த வாரம் இப்படி எத்தனை வீட்டுக்குப் போயிட்டேன் தெரியுமா? இதெல்லாம் விடிவெள்ளி வர்றதுக்கு முன்னாடியே. நாளைக்கு விடியக்காலைலதான் அது வருதுன்னு ஊருக்கே தெரியும். இன்னைக்குப் பொழுது சாய்ஞ்சா ஒவ்வொரு வீட்டையும் இப்படி அடைக்கப் போறாங்க."

வடிவாம்பிகை அண்ணாந்து பார்த்தாள். மேலே வழக்கமான வெளுப்பு. திரிந்த பால் போல, எங்கும் ஒரே மாதிரி.

பூமியின் சூட்டைத் தணிக்க உலக நாடுகள் சேர்ந்து மேல்வானத்தில் மெல்லிய பொடியைத் தூவத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெண்குடை என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். சூடு குறைந்ததும் மழை ஓரளவு ஒழுங்குக்கு வந்ததும் உண்மை. ஆனால் நீல வானம் போய்விட்டது. போன வருடம் பொடியின் அளவைக் கூட்டிய பிறகு நட்சத்திரங்களும் போயின. இருட்டிய பின் நிலாவைத் தவிர வானத்தில் மிஞ்சியது வெள்ளி ஒன்றுதான். அதுவும் பழைய கூர்மையான புள்ளியாக இல்லை. பொடியின் ஊடே வருவதால் அதைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று படர்ந்து, இமைக்காத கண் போல மேற்கே நிற்கும். சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு இறங்குவது ஊர்ப்பழக்கமாகிவிட்டது. அது இருக்கும்வரை வானம் முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை என்று ஒரு ஆறுதல்.

அந்த வெள்ளியும் மறையப் போகிறது என்று தெரிந்ததும்தான் அரசின் வான்செய்திப் பிரிவு வடிவாம்பிகையைத் தேடி வந்தது. பண்டைய மக்கள் வானத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. வெள்ளி சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே புகுந்து ஒரு வாரம் பத்து நாள் கண்ணில் படாமல் இருக்கும், பிறகு கிழக்கே விடிவெள்ளியாக எழும், இது காலங்காலமாக நடப்பதுதான் என்று வானொலியில் நாலு வார்த்தை சொல்லி ஜனங்களின் பயத்தைப் போக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அவளும் மனசார ஒப்புக்கொண்டாள். சுவையாகச் சொன்னாள். கிரேக்கர்கள் முதலில் அதை இரண்டு வேறு நட்சத்திரம் என்று நினைத்துக் காலையில் ஒரு பெயரும் மாலையில் ஒரு பெயரும் வைத்திருந்ததைச் சொன்னாள். பாபிலோனியர் அதையே காதலுக்கும் போருக்கும் தெய்வமாகக் கும்பிட்டதைச் சொன்னாள். வெள்ளி தெற்கே விலகினால் மழை பொய்க்கும் என்று நம் முன்னோர் அஞ்சியதைச் சொன்னாள். கடைசியாக மெக்சிகோவின் பழைய மக்களைப் பற்றிச் சொன்னாள். மறைந்த வெள்ளி முதன்முதலில் கிழக்கே எழும்போது அதன் ஒளி அம்பாகப் பாயும் என்று அவர்கள் நம்பினார்கள். ஒரு நாளில் எழுந்தால் கிழவர்களைக் கொல்லும், வேறொரு நாளில் எழுந்தால் குழந்தைகளைக் கொல்லும். அதனால் கதவையும் புகைபோக்கியையும் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். 'ஆனால் வெள்ளி வந்தது, போனது, அவர்களுடைய குழந்தைகளும் வளர்ந்தார்கள். அது எப்போது வரும் என்று நாள் தவறாமல் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டார்கள்' என்றுதான் முடித்திருந்தாள்.

அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். கைக்குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத மூச்சிரைப்பு பரவிக்கொண்டிருந்த வருடம் அது. வெட்டிய துண்டு கைபேசி கைபேசியாகப் போனது. 'குழந்தைகளைக் கொல்லும்' என்று அவள் குரல் எல்லா வீட்டிலும் ஒலித்தது.

வான்செய்திப் பிரிவின் இயக்குநர் ஜெபமணி, அன்று பிற்பகல் தன் அலுவலகத்தில் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை தடவை மறுப்பு போடுறதும்மா? நீங்க பேசுனிய, டாக்டருங்க பேசுனாங்க, கலெக்டர் பேசுனாரு. நாம பேசப் பேச அங்க பிளாஸ்டிக் ஷீட் விக்கிறது கூடுது."

"கரிப்புகைன்னு தெளிவாச் சொல்லுங்க சார். இந்த வாரம் செத்த குழந்தைகளைப் பத்திச் சொல்லுங்க."

"காலையிலேயே சொன்னோம். 'பாத்தீங்களா, அம்பு பாய ஆரம்பிச்சிட்டு, கவர்மெண்டு மறைக்கிது'ன்னு பேசிக்கிடுதாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதும்மா. பொடி தூவுனா நீலம் போகாதுன்னு சொன்னோம், போயிட்டு. நட்சத்திரம் தெரியும்னு சொன்னோம், தெரியல. இப்ப வந்து பயப்படாதீங்கன்னு சொன்னா, அப்ப கண்டிப்பாப் பயப்படணும் போலன்னுதான் எடுத்துக்கிடுவாங்க."

வடிவாம்பிகை வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டாள். கோமதியைச் சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண்குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. காலையில்தான் அவளிடம் எல்லாவற்றையும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"யக்கா..." கோமதியின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "தலை ரொம்ப வலிக்கிக்கா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"ஏட்டி, ரூமை அடைச்சிருக்காங்களா?"

"மத்தியானமே அடைச்சாச்சு. அத்தைதான்... பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு சாம்பிராணி போட்டிருக்காவ. நல்ல பிள்ளைக்கா இவ. இன்னைக்கு அழவே இல்ல. தூங்கிட்டே இருக்கா."

"கோமு, எந்திரி. ஜன்னலைத் திற. எந்திரிட்டி!"

பதில் வரவில்லை. போன் எதன் மேலோ விழுந்த சத்தம் கேட்டது. மறுபடி கூப்பிட்டபோது மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கோமதியின் கணவர் வேலாயுதம் போனை அணைத்து வைத்திருந்தார்.

ரஹ்மத் தன் காரில் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வந்தாள். சுத்தமல்லி தாண்டும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. வடிவாம்பிகை தெருக்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டது போல எல்லா ஜன்னலும் கறுத்திருந்தன. கடைகள் அடைத்துக் கிடந்தன. பத்தமடையில் ஒரே ஒருத்தி வாசலில் கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். கார் சத்தம் கேட்டதும் அவள் வேகம் இன்னும் கூடியது. ஒவ்வொரு கறுத்த ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு தொட்டிலும் ஒரு சட்டிக் கரியும் இருக்கும் என்று வடிவாம்பிகைக்குத் தோன்றியது. அந்த நினைப்பை அவளால் நிறுத்த முடியவில்லை.

வேலாயுதத்தின் வீட்டுக் கதவு தேக்கு. இரண்டு பேருமாகத் தட்டினார்கள்.

"யாரு?"

"நான்தான், வடிவு. கதவைத் திறங்க வேலாயுதம். சீக்கிரம்."

"மதினி, விடிஞ்சதும் வாங்க. இப்ப கதவைத் திறக்கப்படாது."

"வெள்ளி விடியக்காலைலதான் வரும். இப்ப ஒண்ணும் ஆகாது. கோமுவுக்கு மயக்கம் வந்திருக்கு. அந்தக் கரிதான் ஆகாது, அதைத் தூக்கி வெளிய போடுங்க!"

உள்ளேயிருந்து அவருடைய தாயார் பிச்சம்மாளின் குரல் வந்தது. "அவ அசந்து தூங்குதா. பிள்ளைபெத்தவ தூங்கக் கூடாதா? நீ ஏம்ளா வந்து கத்துத?"

"அத்தை, அது தூக்கம் இல்ல! நான் சொன்னதை வெட்டிப் போட்டுட்டாங்க. அம்பெல்லாம் பொய். பழைய ஆளுங்க பயந்துபோய்ச் சொன்னது."

"உன்னை மிரட்டி இப்படிச் சொல்லச் சொல்லுதாங்கன்னு ஊருக்கே தெரியும்." பிச்சம்மாளின் குரலில் கோபம் இல்லை. பயமும் கொஞ்சம் இரக்கமும்தான் இருந்தன. "நீ முதல்ல சொன்னதுதான் சத்தியம். எம்பேத்திக்கு ஒண்ணு ஆக விடமாட்டேன். போயிரு தாயி."

ரஹ்மத் கதவைத் தோளால் முட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயும் இரும்புக்கதவுதான் என்று மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "வடிவு, அந்தப் பச்சைக் குழந்தைக்கு இனி நேரம் இல்ல," என்றாள்.

வடிவாம்பிகை நெற்றியைக் கதவின் மேல் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அப்போதுதான், தான் யோசிப்பதற்கு முன்பே, தன் குரல் தாழ்ந்து வேறு மாதிரி பேசத் தொடங்கியதை அவள் கேட்டாள்.

"அத்தை. நான் ரேடியோல பாதிதான் சொன்னேன்."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"மீதியைச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. கதவை அடைச்சவங்க வீட்டுலதான் பிள்ளைங்க செத்தது. அது அவங்களுக்குப் பின்னாடிதான் புரிஞ்சது. அந்த அம்பு எந்தச் சுவரையும் துளைச்சிட்டு வரும். திறந்த வீடுன்னா இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிரும். மூடுன வீட்டுல போக வழியில்லாம தங்கிரும். தங்குனா சின்ன உசுரைத்தான் தேடும்."

"நெசமாவா சொல்லுத?" என்றார் வேலாயுதம்.

"அதுக்குத் தீயும் ஆகாது. கரி, அடுப்பு, விளக்கு எதுவும் எரியப்படாது. தீயைக் கண்டா அங்கதான் இறங்கும். எல்லாத்தையும் அணைச்சு, கதவு ஜன்னலைத் திறந்து வச்சு, வாசல்ல ஒரு செம்புத் தண்ணி வைக்கணும். அம்பு தண்ணியில விழுந்து அவிஞ்சிரும். பேட்டையில செத்தது மூடுன வீட்டுப் பிள்ளைதானே? யோசிச்சுப் பாருங்க அத்தை."

உள்ளே பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து டேப்பைப் பிய்த்து இழுக்கும் சத்தம் நீளமாக வந்தது. தாழ்ப்பாள் விலகியது.

கோமதி பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். ரஹ்மத் அவளைத் தாண்டிப்போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். குழந்தையின் கன்னம் விஷப்புகை ஏறிச் செக்கச்செவேலென்று அழகாக இருந்தது. கையும் காலும் துணி போலத் தொங்கின. வடிவாம்பிகையும் வேலாயுதமும் கோமதியை இழுத்து வெளியே கிடத்தினார்கள். ரஹ்மத் சின்ன முகமூடியைக் குழந்தையின் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு விரலால் அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். பிச்சம்மாள் ஒரு செம்புத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

குழந்தை ஒருமுறை விக்கியது. பிறகு அழுதது.

வடிவாம்பிகை படியில் உட்கார்ந்துவிட்டாள். கோமதி கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தாள். "இனி பயமில்ல," என்றாள் ரஹ்மத். அப்போது அடுத்த வீட்டிலிருந்து டேப்பு கிழியும் சத்தம் கேட்டது. அதற்கடுத்து எதிர்வீட்டில். சுவருக்குப் பின்னாலிருந்து எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் இருட்டில் ஒரு உருவம் குனிந்து எதையோ வைத்துவிட்டு உள்ளே போனது.

ரஹ்மத் அவளைப் பார்த்தாள். "இது எந்த நாட்டுக்காரங்க சொன்னது வடிவு?"

"யாரும் சொல்லல."

ரஹ்மத் தெருவில் திறந்துகொண்டிருந்த கதவுகளைப் பார்த்தாள். பிறகு, "ஜெபமணிக்குப் போன் போடு," என்றாள்.

ஜெபமணியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அதே பதிலைத்தான் வடிவாம்பிகை சொன்னாள். மறுமுனையில் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "அரசாங்கம் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. நீங்க யாருக்கும் தெரியாம திருட்டுத்தனமாப் பேசுற மாதிரி இருக்கட்டும். பாதியில நான் கட் பண்ணிடுறேன். அப்பதான் நம்புவாங்க."

தங்கை வீட்டு முற்றத்தில் நின்றபடி, போன் வழியாக வானொலியில் அவள் அந்தப் பொய்யை மாவட்டம் முழுவதற்கும் சொன்னாள். தண்ணீர்ச் செம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒலிபரப்பு அறுந்தது. ஜெபமணி சொன்னபடிதான் நடந்தது.

கிழக்கு வெளுக்கும் முன்பே தெருவில் எல்லா வீடும் திறந்து கிடந்தன. ஜனங்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கும் ஒரு பொட்டு நெருப்பு இல்லை. தென்னைகளுக்கு மேலே அந்த வெளிறிய வட்டம் மெல்ல மேலேறி வந்தது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். அடுத்த நொடி தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வடிவாம்பிகைக்கு அது என்னவென்று தெரியும். அது ஒரு கோள், மேகம் மூடிய ஒரு பாறை உருண்டை, அதன் மேல் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சம். ஆனாலும் அவள் கை தன்னையறியாமல் தங்கையின் குழந்தையின் முகத்தை மறைத்தது. அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

தெருமுனையில் கூச்சல் எழுந்தது அப்போதுதான்.

ஒரே ஒரு வீடு மூடியிருந்தது. உள்ளூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்த நெல்லைநாயகத்தின் வீடு. தனி ஆள். முந்தின வாரம் முழுக்க, இதெல்லாம் வெறும் பயம் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான் என்று வேலாயுதம் ஓடிக்கொண்டே சொன்னார். மூடிய ஜன்னலின் கண்ணாடி வழியே, அடுக்களையில் அடுப்பு நீலமாக எரிவது தெரிந்தது. காப்பி போட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"அணைங்கய்யா! இங்க பிள்ளைங்க இருக்கு!"

"இந்த ஒரு வீட்டால தெருவே போகப் போகுது!"

யார் எறிந்த கல் என்று தெரியவில்லை. கண்ணாடி உடைந்தது. உள்ளே ஒரு அலறல். அதற்குள் பத்துப் பேர் கதவை உடைத்து அவரை இழுத்து வந்துவிட்டார்கள். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ரஹ்மத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முகத்தைத் துணியால் பொத்தினாள்.

மற்றக் கண்ணால் அவர் வடிவாம்பிகையை அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"மேடம், நீங்களே வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு. ராத்திரி உங்க பேச்சைக் கேட்டேன். அது நீங்களா இருக்காதுன்னு நினைச்சேன். செம்புத் தண்ணியைப் பத்தி எந்த மக்களும் சொன்னதில்லையே. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. சொல்லுங்க மேடம்."

கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்கள், கையில் கல்லோடு நின்ற ஆண்கள், எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

நாளைக்கும் வெள்ளி எழும். அதற்கு மறுநாளும் எழும். இப்போது இவருக்காக உண்மையைச் சொன்னால், இன்று சாயங்காலமே ஷீட்டும் டேப்பும் திரும்பி வரும், கரிச்சட்டி திரும்பி வரும். வேறு எப்படி யோசித்தாலும் அவளுக்கு ஒரு சேலைத் தொட்டில்தான் கண்ணில் வந்து நின்றது.

"சார்," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "உள்ள அடுப்பு எரியுது. அதை அணைச்சிரச் சொல்லுங்க."

நெல்லைநாயகம் அந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ உள்ளே போய் அடுப்பை அணைத்தார்கள். யாரோ அவள் கையில் ஒரு செம்பைக் கொடுத்தார்கள். அவள் குனிந்து அதை அவருடைய வாசலில் வைத்தாள். கூட்டம் அமைதியாகக் கலைந்தது.

அன்று விடியலில் மாவட்டத்தில் ஒரு குழந்தையும் சாகவில்லை. ரஹ்மத் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பேசி அதைச் சொன்னபோது அழுதாள். நெல்லைநாயகத்தின் கண்ணைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

வெள்ளி கிழக்கே நன்றாக மேலேறி, ஜனங்களுக்கு அது பழகிப்போன சமயத்தில் ஜெபமணி அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகம் தெளிந்திருந்தது. மேலிடத்தில் எல்லோரும் அவளைப் பாராட்டியதாகச் சொன்னார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் பொடியை இன்னும் கொஞ்சம் கூட்டப் போறாங்கம்மா. பகல் வெளிச்சம் குறையும், ஜனங்க கேள்வி கேப்பாங்க. அதுக்கும் பழைய ஆளுங்க ஏதாச்சும் சொல்லியிருப்பாங்கள்ல? இல்லைன்னாலும்..." அவர் முடிக்கவில்லை. புன்னகை செய்தார்.

அன்றே அவள் ஒலிபரப்பு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். செம்பும் தண்ணீரும் தீயும் தன் கற்பனை என்றாள். உலகத்தில் எந்தப் பண்டைய மக்களும் அப்படிச் சொன்னதில்லை, குழந்தைகள் செத்தது கரிப்புகையால், அது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் என்றாள். நெல்லைநாயகத்தின் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதுதான் சரி, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். கதவை உடைத்து அவளை வெளியே கொண்டுவரும்வரை பேசினாள். அவளுக்கு வேலை போனது.

அந்தப் பேச்சை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. கேட்ட கொஞ்சம் பேரும், பாவம், என்ன கொடுமைப்படுத்தி இப்படிப் பேச வைத்தார்களோ என்றார்கள். சுடலைமுத்து அவள் வீடு தேடி வந்து, "தைரியமா இருங்கம்மா, நாங்க இருக்கோம்," என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவள் வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான்.

சில மாதம் கழித்து அவள் சேரன்மகாதேவிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். நெல்லைநாயகம் அவளைப் பார்க்கச் சம்மதித்திருந்தார். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். களையான முகம். குழந்தை வடிவாம்பிகையின் கண்ணாடியைப் பிடித்து இழுக்க, இருவரும் சிரித்தார்கள், பேச்சு வளர்ந்தது. யாரும் அடையாளம் காணாதபடி முகத்தில் கட்டியிருந்த துணியாலோ, பஸ் இரைச்சலில் குரல் பிடிபடாததாலோ, அந்தப் பெண்ணுக்கு இவளைத் தெரியவில்லை.

"போன தடவை பிழைச்சதே பெரிசுக்கா," என்றாள் அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே. "அடுத்த தடவை வெள்ளி மறைஞ்சு வரும்போது செம்புத் தண்ணி மட்டும் போதாதாம்."

"யார் சொன்னா?"

"வடிவாம்பிகையம்மாதான். அவங்களை முழுசாப் பேச விடாம அறுத்துட்டாங்கள்லா? அதுக்கப்புறம் வரவேண்டியதுதான் முக்கியமான விஷயமாம். பழைய ஜனங்க ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆளை அந்த அம்புக்குக் கொடுத்திருவாங்களாம். கொடுத்துட்டா மத்தவங்க பிள்ளைகளைத் தொடாதாம்."

வடிவாம்பிகைக்குக் காது அடைத்தது. பஸ்ஸின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"அப்படி... அப்படி யாரும் சொல்லலம்மா. நான்..." என்று தொடங்கியவள், அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதில் கொடுமை எதுவும் இல்லை. மடியிலிருந்த பிள்ளையைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது.

"எங்க தெருவுல பிரச்சினை இல்லக்கா," என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "ஒரு வாத்தியார் இருக்காரு. ஒத்தக் கண்ணு, தனி ஆளு. அவருன்னு எல்லாரும் பேசி வச்சாச்சு. நீங்களும் உங்க தெருவுல இப்பவே பேசி வச்சிருங்க. கடைசி நேரத்துல தேடுனா ஆள் அமையாது."